ரொறன்ரோவிலிருந்து பண்டத்தரிப்புக்கு எத்தனை மணித்தியாலம்?

மலர்ச்சாலை வைத்திருப்பவனுக்குச் சவப்பெட்டியின் நீள அகலத்தைவிட விமானத்தின் தூரம்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் யார் கண்ணை மூடினாலும், பிள்ளை வந்து முகம் பார்க்கும்வரை உடலைக் கெடாமல் வைத்திருப்பது என் பொறுப்பு. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விட்டுப்போன மணித்தியாலங்கள்

பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக்காரர் காலமானார். மூத்த மகன் ரொறன்ரோவில். "எப்ப வந்து சேருவான்?" என்று வீட்டார் கேட்டார்கள். கைபேசியைப் பார்த்து, "பதினாலாயிரம் கிலோமீற்றர், பதினெட்டு மணித்தியாலம்" என்றேன். அதை நம்பித்தான் ஐயர் நேரம் குறித்தார். இடையில் விமானம் மாறக் காத்திருக்கும் நேரத்தையும், கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் ஓடும் எட்டு மணித்தியாலத்தையும் நான் சேர்க்கவில்லை.

மகனின் கனடாத் தொலைபேசி இங்கே வேலை செய்யவில்லை. வழியில் சாரதியின் தொலைபேசியை வாங்கி அவர் அழைத்தபோது உடல் வீட்டுப் படலையைத் தாண்டிவிட்டது; திரும்பக் கொண்டுபோகிற வழக்கமில்லை. மழையும் இருட்டிக்கொண்டு வர, அவருடைய தம்பிதான் கொள்ளி வைத்தார். தோளில் பையோடு சுடலையில் வந்து இறங்கியவரிடம், பிழை என்னுடையது என்றேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "நீங்கள் பிளேனை மட்டும் எண்ணியிருக்கிறியள், அண்ணை. நான் வழியிலை மாங்குளத்திலை நிக்கேக்கை அப்பா எரிஞ்சுபோனார்."

நாலு நாளும் வைக்கலாம்

அதன்பிறகு எல்லாவற்றையும் கூட்டித்தான் சொல்வேன். குருநகரில் ஒரு கடற்றொழிலாளியின் மனைவி இறந்தபோது, சிட்னியில் இருக்கும் மகனுக்காக அப்படியே கணக்குச் சொன்னேன். சிங்கப்பூரில் மாறி, கட்டுநாயக்காவில் இறங்கி, வீடு வர இரண்டு நாள். "தேவையெண்டால் நாலு நாளும் வைச்சுத் தருவன், ஐயா" என்று பெருமையாகவும் சொன்னேன். மனைவியின் தலைமாட்டில் இருந்த அவர் முழுவதையும் கேட்டு முடித்தார். "அவன் வள்ளத்திலை களவாய்ப் போனவன், தம்பி. வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது. தூரம்தான் பிரச்சினையெண்டால் நானே போய் ஏத்திக்கொண்டு வந்திருப்பன்."

உயிரோடு வந்தவர்

அளவெட்டியிலிருந்து ஓய்வுபெற்ற தபாலதிபர் அம்மா ஒருவர் குடையும் கையுமாக பஸ்ஸில் வந்தார். இறந்தது யாரென்று அறிய, "ஆர் மோசம் போனது?" என்று கேட்டேன். "நான்தான். இன்னும் போகேல்லை" என்றார். மகள் லண்டனிலாம். மகள் வந்து சேரும்வரை தன்னை எத்தனை நாள் வைக்க வேண்டியிருக்கும் என்று இப்போதே கேட்டுவைக்க வந்திருந்தார்.

தைரியம் சொல்வதாக நினைத்து வாயைத் திறந்தேன். "பயப்படாதேங்கோ அம்மா. லண்டனிலையிருந்து நேரே பதினொரு மணித்தியாலம். வான் ஓட்டத்தைச் சேர்த்தாலும் ஒரு நாளுக்குள்ளை உங்கடை வாசலிலை நிப்பா."

குடையை விரிக்கப் போனவரின் கை அப்படியே நின்றது. "ஒரு நாள்தானோ, தம்பி? பன்ரண்டு வருசமாய் அவள் தூரம் எண்டெல்லோ சொல்லுறவள்."

இறந்தவர்களைக் காத்திருக்க வைக்க என்னிடம் மருந்து இருக்கிறது. உயிரோடு காத்திருப்பவர்களிடம் வாயை மூடிக்கொண்டிருக்கத்தான் நான் இன்னும் பழகவில்லை.