சில்வண்டைப் பார்க்கப் போன தங்கசாமி

குற்றாலத்தில் எண்ணெய் தேய்ப்பவர்கள் அந்த நாளில் முப்பது பேராவது இருந்திருப்பார்கள். ஆனால் வெளியூர்க்காரர் யாராவது பஸ்ஸை விட்டு இறங்கி, நல்ல கைக்காரர் யார் என்று கேட்டால் எல்லா விரலும் தில்லைநாயகம் பிள்ளையின் லாட்ஜைத்தான் காட்டும். அங்கே தங்கசாமி இருப்பார். ஆறடி உயரம், நாற்பத்து நாலு வயது, காதைத் தொடப் பார்க்கிற மீசை. முதுகில் அவர் கை விழுகிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். மில் முதலாளிகளும் வக்கீல்களும் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையில் குப்புறப் படுத்து, "பாத்துய்யா, பாத்து" என்று அவரிடம் கெஞ்சுவார்கள். அவர் சிரிக்க மாட்டார். பல்லைக் காட்டினால் வந்தவனுக்குப் பயம் விட்டுப் போகும், பயம் விட்டுப் போனால் தொழில் படுத்துவிடும் என்பது அவர் கட்சி.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி அடித்தால் கையை உதறிவிட்டு எழுந்துவிடுவார். முதுகு முடிந்து கால் பாக்கி இருந்தாலும் சரி, ஒரு காது மட்டும் பாக்கி இருந்தாலும் சரி.

"எண்ணெய் ஊறணும்யா. அரை மணி நேரத்துக்கு அசையப்பிடாது" என்பார்.

படுத்திருப்பவர் அசைய மாட்டார். யார் அசைவார்கள்? கோவில்பட்டி வக்கீல் ஒருவருக்கு இந்த ஊறல் ரொம்பப் பிடித்துப்போய், ஞாயிற்றுக்கிழமை ஊறினால் நரம்புக்கு விசேஷம் என்று கோர்ட்டு முழுக்கச் சொல்லி வைத்தார். அதற்காகவே நாலைந்து பேர் ஞாயிறு பார்த்து வர ஆரம்பித்தார்கள். நரம்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூன்று மணிக்கு லாட்ஜின் முன்ஹாலில் இருந்த ரேடியோவில் 'சில்வண்டு சபை' வரும். தங்கசாமி ஜன்னலுக்கு வெளியே நின்று அதைக் கேட்பார்.

'சில்வண்டு சபை' சின்னப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சி. அக்கா ஒருத்தி கதை சொல்லுவாள். அவளை ஒரு வாக்கியத்தையும் முழுசாகச் சொல்லவிடாமல் சில்வண்டு குறுக்கே பாயும். கடுகு போலக் குரல், ஊர் கொள்ளாத வாய். ராஜா காட்டுக்குப் போனார் என்று அக்கா ஆரம்பித்தால், "எதுக்கு, கக்கூஸுக்கா?" என்று கேட்கும். தங்கசாமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார். வாரம் முழுவதும் அடக்கி வைத்த சிரிப்பு அத்தனையும் அந்த அரை மணிக்குள் தீர்ந்தாக வேண்டும் அல்லவா?

1964-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சில்வண்டு ஒரு விடுகதை போட்டது. "மலை உச்சியிலேருந்து குதிப்பான், மண்டை உடையாது. யார் அவன்? பன்னிரண்டு வயசுக்கு உள்ளே இருக்கிற பிள்ளைங்க கார்டு எழுதிப் போடுங்க!" குற்றாலத்துக்காரரிடம் போய் இதைக் கேட்டால் அவர் என்னதான் செய்வார்? உள்ளூருக்குத் தெரியாமல் இருக்க மறுநாளே தென்காசிக்கு பஸ் ஏறி ஒரு கத்தைக் கார்டு வாங்கி வந்தார். 'அருவி' என்று எழுதினார். கீழே தங்கசாமி, வயது 9 என்று போட்டார். அவர் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கையெழுத்து அன்றிலிருந்து வளரவே இல்லை. அதனால் ரேடியோக்காரர்களுக்குத் துளிகூடச் சந்தேகம் வரவில்லை. அடுத்த வாரம் ரேடியோவில் சில்வண்டு, "குத்தாலம் தங்கசாமி! பலே பலே!" என்று கத்தியபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றைக்குப் பலகையில் கிடந்த கடையநல்லூர் வியாபாரிக்கு இரண்டு பங்கு எண்ணெய் தேய்த்துவிட்டார்.

அப்புறம் வாரா வாரம் கார்டுதான். மூன்று வருஷத்தில் ஒரு விடையும் தப்பவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கோட்டை விட்டார். வருஷம் மூன்று ஓடியும் கார்டில் வயதை ஏற்ற மறந்துவிட்டார்.

1967 ஆனி மாதம் ரேடியோ நிலையத்திலிருந்து ஒரு உறை வந்தது. தில்லைநாயகம் பிள்ளை அதைக் கையில் வைத்துக்கொண்டு லாட்ஜ் வாசலிலேயே நின்றார்.

"ஏ தங்கசாமி, தம்பி தங்கசாமின்னு போட்டிருக்கான். யாருடே இது?"

"அது எம் பேரனுக்கு, அண்ணாச்சி."

"ஒம் பேரனுக்கு இன்னும் பல்லே மொளைக்கலையேடே."

"ஆலங்குளத்துல எல்லாம் சீக்கிரம் படிச்சுருதானுவ" என்று சொல்லிக் கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு தங்கசாமி ஒரே ஓட்டமாக வீட்டுக்குப் போனார். மகள்கள் இருவரையும் ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் அவரும் மனைவி முப்பிடாதியும்தான். கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினார். ஆடி மாதம் மூன்றாவது ஞாயிறு, 'சில்வண்டு சபை' குற்றாலத்திலேயே மேடை போட்டு நேரடியாக நடக்கப்போகிறது. மேடையில் தங்கசாமியின் பெயரைக் கூப்பிட்டுப் பரிசு கொடுப்பார்கள். பெற்றோரை அழைத்துக்கொண்டு வரவும்.

"யாரை அழைச்சிட்டுப் போவீக? ஒங்க அப்பாரு செத்து இருவது வருசமாச்சு" என்றாள் முப்பிடாதி. "பேசாம இருங்க. இந்த மீசையோட மேடையேறி நின்னீகன்னா நாளைக்கு எவன் ஒங்களுக்கு முதுகைக் காட்டுவான்?"

"நான் ஏன் மேடை ஏறுதேன்? கடைசில நின்னு சில்வண்டை ஒரு தரம் பாத்துட்டு வந்துருதேன்."

"அது யாரோ மனுசன்லா பேசுதான்."

அவருக்கும் அது தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன? அது நாலடி உயரப் பெண்ணாக இருக்கும் என்று ஒரு வாரம் நினைப்பார், பள்ளிக்கூடத்துப் பயலாக இருப்பான் என்று மறு வாரம் நினைப்பார். சில ராத்திரிகளில் உண்மையாகவே ஒரு வண்டுதானோ என்றுகூடத் தோன்றும். பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் செத்துப்போனால் கட்டை வேகாது என்று முப்பிடாதியிடம் சொல்லிவிட்டார். ஆனால் குட்டு மட்டும் உடைந்துவிடக் கூடாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாரல் பிய்த்து உதறியது. ஊர் முழுக்கக் கூட்டம். கொட்டகை வாசலில் சட்டையில் பட்டை குத்தியிருந்த தொண்டர் தங்கசாமியை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை எங்கய்யா?"

"எந்தப் பிள்ளை?"

"பிள்ளையோட வந்தாத்தான் உள்ள விடுவோம். பெரிய ஆளுக தனியா வந்து எடத்தை அடைச்சா பிள்ளைக எங்கன உக்காரும்?"

மணி இரண்டரை. தங்கசாமி சந்தைப் பக்கம் ஓடினார். மங்குஸ்தான் பழக் கூடைகளுக்கு நடுவில் ஜாஹிரா பீவி வியாபாரத்தில் மூழ்கியிருந்தாள்; அவளுடைய மகன் ரஹ்மத், ஆறு வயது, பழத்தோலை எடுத்துப் போகிற வருகிறவர்கள் மேல் எறிந்துகொண்டிருந்தான்.

"தங்கச்சி, இவனை ஒரு மணி நேரம் எங்கூட அனுப்பு. ரேடியோக்காரன் ஆட்டம் காட்டுதான்."

"ஒரு மணி நேரம் என்னண்ணே, ராத்திரி வரைக்கும் வச்சுக்கிடுங்க! இந்தா, இவன் தங்கச்சியையும் கூட்டிட்டுப் போங்க."

அவள் சொன்னது அடுத்த கடைக்குக் கேட்டது. சீசன் ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சாரல் நாள். கடைவீதியில் எந்தத் தாய்க்கும் மூச்சுவிட நேரமில்லை, எல்லாப் பிள்ளைகளும் காலடியில் கிடந்து உயிரை வாங்குகின்றன. நேந்திரங்காய்ச் சிப்ஸ் போடுகிற ஆவுடைத்தாய் தன் மூன்றையும் தள்ளிவிட்டாள். துண்டு விற்கிறவள் இரண்டு. இட்லிக் கடைக்காரி மூன்று. "அண்ணாச்சி, இதையும்" என்று யாரோ பின்னாலிருந்து ஒரு கைக்குழந்தையை அவர் இடுப்பில் வைத்தார்கள். ஒரு பிள்ளை கேட்டுப் போனவர் திரும்பி வருகையில் பதினொன்று இருந்தன. ஒன்றின் கையை ஒன்று பிடித்து, மழையில் நனைந்து, ஊளையிட்டுக்கொண்டு வந்த அந்த வரிசையைக் கண்டதும் தொண்டர் வாயே திறக்காமல் வழிவிட்டார். எத்தனை பெண்டாட்டி என்று மட்டும் பக்கத்து ஆளிடம் கேட்டார்.

கொட்டகைக்குள் இருநூறு பிள்ளைகள். மேடையில் தென்னோலையால் முடைந்த ஒரு குட்டி வீடு, அதற்குப் பின்னால் ஊதாத் திரை. அக்கா வந்தாள், கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். "சில்வண்டே, தூங்குறியா?" என்று ஓலை வீட்டைப் பார்த்துக் கேட்டாள். "தூங்குறேன், எழுப்பாதே!" என்று உள்ளிருந்து குரல் வந்ததும் கூரைத் தகரம் கழன்று விழுகிறாற்போலக் கூச்சல். தங்கசாமியும் கத்தினார். ரேடியோப் பெட்டிக்குள் மூன்று வருஷம் அடைந்து கிடந்த குரல், இதோ, இருபது அடியில்! அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. இடுப்பிலிருந்த கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பிடித்தார். ஆனால் கழுத்தை எவ்வளவு நீட்டியும் சில்வண்டு வெளியே வருகிற வழியைக் காணோம்.

அப்போது அக்கா ஒரு கார்டுக் கட்டை எடுத்தாள்.

"இப்போ நம்ம சபையின் சூரப்புலி! குத்தாலம் தங்கசாமி, மேடைக்கு வரணும்!"

முன்வரிசையில் தில்லைநாயகம் பிள்ளை மகள் வயிற்றுப் பேத்தியோடு உட்கார்ந்திருந்ததைத் தங்கசாமி அப்போதுதான் பார்த்தார். நாலு வரிசை தள்ளி கோவில்பட்டி வக்கீல். பக்கத்திலிருந்த தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். அந்தத் தூண் அவரில் பாதியைத்தான் மறைத்தது.

"தங்கசாமி! வயசு ஒன்பது!" என்று மறுபடி கூப்பிட்டாள் அக்கா.

"மூணு வருஷமா ஒன்பதுதான் அக்கா" என்றது சில்வண்டு. "வளரவே மாட்டேங்கிறான், என்னை மாதிரியே! கார்டைப் பாரு, எல்லாத்திலேயும் எண்ணெய். வடை தின்னுக்கிட்டே எழுதுவான் போலிருக்கு."

கொட்டகையே சிரித்தது. தங்கசாமி சிரிக்கவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டார்கள்.

"வரலையா?" சில்வண்டின் குரல் கம்மியது. "திருநெல்வேலியிலேயே மேடை போடுவோம்னாங்க. நான்தான் சண்டை போட்டு இங்கே வந்தேன். தங்கசாமியைப் பாக்கத்தான் வந்தேன். அவன் வரலையே, அக்கா!" என்று ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டது.

விளையாட்டு அழுகைதான். ஆனால் ஆறு வயசுக்கு அது எப்படித் தெரியும்? முதலில் ரஹ்மத் உதட்டைப் பிதுக்கினான். அப்புறம் அவன் தங்கை. ஆவுடைத்தாயின் மூன்றும் ஒரே சுருதியில் எடுத்தன. அது வரிசை வரிசையாகப் பரவி, இரண்டு நிமிஷத்தில் இருநூறு பிள்ளைகளும் தங்கசாமி வரவில்லையே, தங்கசாமி வரவில்லையே என்று தேம்பித் தேம்பி அழுகின்றன. அக்கா கையைப் பிசைகிறாள். நேரடி ஒலிபரப்பு; நாலு ஜில்லாவுக்கும் இந்த ஒப்பாரி போய்க்கொண்டிருக்கிறது. தனக்காக இத்தனை பேர் ஒரே நேரத்தில் அழுவார்கள் என்று தங்கசாமி கனவிலும் நினைத்ததில்லை. நெஞ்சு பொங்கிவிட்டது. மீசையாவது, தொழிலாவது!

"அழாதீங்கலே! நாந்தான் தங்கசாமி!" என்று கர்ஜித்தார்.

அழுகை டக்கென்று நின்றது. கைக்குழந்தையோடு அவர் நடக்க, பதினொன்றில் மற்றப் பத்தும் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தன. பிள்ளையவர்கள் வாயைப் பிளந்தார். வக்கீல் எழுந்து நின்று பார்த்தார். யாரோ ஒருவர் ஆரம்பித்த சிரிப்பில் கொட்டகை குலுங்கியது. முதல் முறையாக ஊர் பார்க்க, தங்கசாமியும் மீசை துடிக்கத் துடிக்கச் சிரித்தார். வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா பரிசை நீட்டினாள். ஒரு சிலேட்டு, ஒரு பம்பரம், ஒரு அரைக்கால் சட்டை.

"இதெல்லாம் நீங்களே வச்சுக்கிடுங்கம்மா" என்றார் தங்கசாமி. "சில்வண்டை ஒரு தரம் பாத்துக்கிடுதேன். அது போதும்."

"சில்வண்டு யாருக்கும் முகத்தைக் காட்டுறது இல்லை" என்றாள் அக்கா மெதுவாக. "பிள்ளைகள் பாத்துட்டா..." ஓலை வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தங்கசாமியின் தோள் தொங்கிப்போனது.

"தங்கசாமி மட்டும் வரட்டும்" என்றது குரல்.

கைக்குழந்தையை அக்காவிடம் கொடுத்துவிட்டு, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். அங்கே ஒரு மர நாற்காலியில், மைக்கு முன்னால், அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தடித்த மனிதர் உட்கார்ந்திருந்தார். வழுக்கைத் தலை. தொந்தி. மீசை தங்கசாமியின் மீசையைவிட ஒரு விரல்கடை நீளம். அவர் முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்து, பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளை போல வேட்டி நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் அந்த மனிதர் உதட்டில் விரலை வைத்து, வெளியே பிள்ளைகள் இருந்த பக்கம் கண்ணைக் காட்டி, கும்பிட்டார்.

தங்கசாமியும் கும்பிட்டார். இருவருக்கும் ஒரே சமயத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, மைக்கில் கேட்காமல் இருக்க வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவரைப் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டன. மேடைக்கு ஏறி வந்ததுகளில் ரஹ்மத்தான் முதலில் அவர் கையைப் பிடித்து இழுத்தான்.

"மாமா, மாமா! சில்வண்டு எப்படி மாமா இருக்குது?"

தங்கசாமி குனிந்து கட்டைவிரல் நகத்தைக் காட்டினார்.

"இத்தினிக்காண்டுதாம்லே இருக்கு. பச்சை றெக்கை. தலையில ரெண்டு கொம்பு."

"கடிக்குமா?"

"கடிக்காதுலே. ரொம்ப வெக்கப்படுது."