எடைமேடையில் ஒரு வேதக்காரன்

தென்காசியில் நான் போகும் மருத்துவமனையில், டயாலிசிஸ் (சிறுநீரகம் செய்ய வேண்டிய சுத்திகரிப்பை இயந்திரம் செய்வது) அறைக்கு வெளியே ஓர் எடைமேடை இருக்கிறது. உள்ளே போகுமுன் அதில் ஏறி நிற்க வேண்டும். கூடிய எடை பெரும்பாலும் குடித்த தண்ணீர். அதை இயந்திரம் எடுத்தாக வேண்டும். இதே நோயுள்ளவர்களுக்குத் தாகம் என்ன பாடு படுத்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ரஹ்மத், மற்றவர்கள் ஏறி நிற்கும்போது குனிந்து எண்ணைப் பார்ப்பாள். என்னிடம் மட்டும், "எவ்வளவு அண்ணாச்சி?" என்று கேட்டு எழுதிக்கொள்வாள். ஊசி ஏறுமுன் நான் கண்மூடி ஜெபிப்பதைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு இயேசுவைப் பற்றிய கைப்பிரதிகூடக் கொடுத்திருக்கிறேன்.

"எங்க உம்மா மூட்டுவலில கெடந்து துடிக்காங்க. உங்க ஜெபத்துல சேத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்பாள். எனக்குப் பெருமை தாங்காது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கியதும் மகள் குடும்பம் வந்தது. கையில் ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காக இணைத்த ரத்தக்குழாய்) இருப்பதால் நான் அருவிக்குப் போகவில்லை. சாரலில் ஒரு கடையோரம் உட்கார்ந்து, அவர்கள் திரும்புவதற்குள் சுக்குக்காப்பி, டீ, தண்ணீர் என்று குடித்துத் தீர்த்தேன்.

மறுநாள் எடைமேடை காட்டிய எண் பயமுறுத்தியது. தண்ணீர் விஷயத்தில் டாக்டர் ஏற்கெனவே எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். ரஹ்மத் கேட்டபோது குறைத்துச் சொன்னேன்.

அடுத்த நாள் மூச்சு முட்டியது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்ஸிஜன் மாஸ்க்கோடு நான் படுத்திருக்க, டாக்டர் ரஹ்மத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எடைய நீ பாத்தியா, இல்லியா?"

"அண்ணாச்சி சொன்னத எழுதுனேன் சார். வேதக்காரங்க, பொய் சொல்ல மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"இனி நீ வேலைக்கு வர வேண்டாம்."

மாஸ்க்கை விலக்கி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்கு மூச்சு இருந்தது, தைரியம்தான் இல்லை. "அந்தப் பிள்ளைக்குக் கவனமே இல்ல" என்று என் மனைவியும் சொன்னாள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை. வெட்கக்கேடு.

மறுநாள் காலை டாக்டர் வந்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் என் தலைமாட்டில் இருந்த பைபிளைப் பார்த்தார். "பைபிளக் கையில வச்சிக்கிட்டா பொய் சொன்னீங்க?"

ரஹ்மத்தைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த முறை எடைமேடைப் பக்கத்திலேயே நின்றாள்.

"ஏறுங்க அண்ணாச்சி." குனிந்து பார்த்தாள். "எறங்கி இன்னொரு தடவ ஏறுங்க."

மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல" என்றாள். குரலில் கோபமே இல்லை.

"உம்மாவுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு? ஜெபத்துல சேத்துக்கிடட்டா?"

"வேண்டாம் அண்ணாச்சி. நீங்க உங்க ஒடம்பப் பாருங்க."

இப்போது ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் அது உடம்பில் எடையாக ஏறுவது எனக்குத் தெரிகிறது. ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள நாட்கள் அந்த மேடையை நோக்கியே போகின்றன. ரஹ்மத்தின் உம்மாவுக்காக இன்றும் ஜெபிக்கிறேன். அதை அவளிடம் சொல்வதில்லை.