சிவப்பு ஒன்று

ஆம்பூர் ஷூ கம்பெனியில் கேன்டீன் கமிட்டித் தேர்தலுக்காக, எண்ணிக்கை போடும் கவுன்ட்டர் ஐ.சி. சிப்களை இணைத்து நானே ஓட்டு மிஷின் செய்தேன். பட்டனை அழுத்தினால் எண் ஒன்று ஏறும். தோல் வாசனைக்கு நடுவே அதன் திரையில் சிவப்பு எண்கள் மிதப்பதைக் கனவுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையல் பிரிவு சபீராக்கா தோற்றார். அப்புறம்தான் கூட்டிப் பார்த்தேன். வந்தவர்களைவிட ஓட்டு நான்கு ஜாஸ்தி. பட்டனுக்குள் இருக்கும் தகடு துள்ளி, ஒரே அழுத்தத்தைச் சில தடவை இரண்டாக எண்ணியிருக்கிறது. கணக்குப் போட்ட தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"நீ செஞ்ச மிஷின்மா, தப்பா காட்டாது," என்று அக்கா டீயை நீட்டினார். டம்ளரைக் கீழே வைத்தேன். எண்ணிக்கை தப்பென்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

மறுநாள் சீட்டில் ஓட்டுப் போட்டார்கள். அக்கா மறுபடியும் தோற்றார், ஒரே ஓட்டில்.

சரிசெய்த மிஷினை அவர்தான் முதலில் அழுத்தினார். "இப்ப ஒண்ணுதான் ஏறுது," என்று சிரித்துவிட்டுத் தையலுக்குப் போனார். அந்தச் சிவப்பு ஒன்றை அழிக்க எனக்கு மனசே வரவில்லை.