சட்டைப் பையில் ஒரு ஃபியூஸ் கட்டை

லைன்மேன் இருபத்திரண்டு வருஷமாகக் கம்பம் ஏறுகிற ஆள். வேலைக்காக ஒரு தெருவில் கரண்டை நிறுத்திவிட்டு மேலே நின்றால் போதும், வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் கிடந்த சனமெல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ஒருத்தி மகளுக்குத் தலை வாருவாள். அப்பனும் பிள்ளையும் சீட்டுப் போடுவார்கள். "எப்பய்யா வரும்?" என்று அவரைத் திட்டிக்கொண்டே சிரிப்பார்கள். பார்க்கப் பார்க்க அவருக்கு வயிறு எரியும். அவர் வீட்டில் சிரிப்பதெல்லாம் டிவிக்குள் இருக்கிறவர்கள்தான்.

மூத்தவள் திங்கட்கிழமை வெளியூருக்கு வேலைக்குப் போகிறாள். ஒரு வாரமாக அவள் முகமே சரியில்லை. கேட்டால், போனிலிருந்து தலை நிமிராமல், "ஒண்ணுமில்லப்பா."

ஞாயிறு மத்தியானம் மனுஷன் வெளியே போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். திருட்டுத்தனம்தான், யார் இல்லையென்றது? பெற்ற பிள்ளையோடு பேச அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

"ஊருக்கெல்லாம் கரண்ட் குடுக்கிற மகராசன் வீட்டுல ஒரு ஃபேன் ஓடல" என்றாள் பெண்டாட்டி.

"லைன்லயே கோளாறு. நேரமாகும். சீட்டுக்கட்டை எடு."

நாலு பேரும் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மூணாவது ஆட்டத்தில் சின்னவன் கத்தினான்: "அப்பா, அம்மா காலுக்கடியில சீட்டை ஒளிச்சிருக்கா!"

மூத்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்து, அவர் பக்கம் நகர்ந்து வந்தாள். "அப்பா... அந்த வேலைக்கு நேர்ல வரச் சொல்லியிருந்தாங்கல்ல. அன்னைக்கு அங்க..."

அவர் போன் அடித்தது. ஆபீஸ்.

"என்னண்ணே, உங்க வீட்டுலருந்தே புகார் வருது! நெட்டையன் பக்கத்துத் தெருவுலதான் இருக்கான், அனுப்பிட்டேன்."

சின்னவன் பல்லைக் காட்டினான். "நான்தான்பா போட்டேன். லீவு நாள்ல நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

அவனை அடிப்பதா, கொஞ்சுவதா? கூட வேலை செய்கிற நெட்டையன் வந்து பெட்டியைத் திறந்தால் கட்டை இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். மானம் கப்பலேறிவிடும்.

"இரும்மா, இதோ வந்துட்டேன்" என்று ஓடினார். கட்டையைச் சொருகவும் பைக் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"அண்ணன் கை பட்டா சரியாகாம இருக்குமா!" என்று நெட்டையன் வண்டியைத் திருப்பினான்.

உள்ளே வந்தால் ஃபேன் காற்றில் சீட்டெல்லாம் பறந்து கிடந்தது. அடுப்படியில் மிக்ஸி அலறியது. மூத்தவள் அறையில் போனுக்குச் சார்ஜர் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதோ சொல்ல வந்தியே? அன்னைக்கு அங்க என்னம்மா?"

அவள் அவரைப் பார்த்தாள். வாய் திறந்தாள். பிறகு, "ஒண்ணுமில்லப்பா."

அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி பெட்டிப் பக்கம் போகவும் முடியாது. கூடத்துக்கு வந்து குனிந்து சீட்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

சின்னவன் போனில் ஆபீசுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். "வந்துருச்சுங்க. ஆமா, எல்லாம் சரியாயிடுச்சு."