நோகாமல் பிடித்த கை

1. மூன்று சிவப்பு விளக்குகள்

மாகாணப் பளுதூக்கல் போட்டி, மூத்தோர் பிரிவு, பாரை ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் மூன்றாவது முயற்சி. பார் முழங்காலைத் தாண்டியதும் சிவநாதனின் வலது கை திறந்துகொண்டது. பார் விழுந்து உருண்டது; நடுவர்களின் மூன்று விளக்கும் சிவப்பு. மூன்று முயற்சியும் போய்விட்டதால் அத்தோடு போட்டியும் முடிந்தது.

சிவாவுக்கு நாற்பத்து நான்கு வயது. கண்டியில் பைப் வேலை. மாகாண அணியில் ஒரு இடம் கிடைக்க வேண்டும் என்று இரண்டு வருடம் உழைத்த மனிதர். கலஹாவிலிருந்து மனைவியும் மகளும் புதுச் சட்டை போட்டுப் பார்க்க வந்திருந்தார்கள். நான் அவருடைய கோச். அவர்கள் இருந்த பக்கம் திரும்ப எனக்கு முகமில்லை.

2. செவ்வாய்க்கிழமை டெஸ்ட்

போட்டியில் ஸ்னாட்சுக்குக் கையைப் பாரோடு சேர்த்து ஸ்ட்ராப் கட்ட விடமாட்டார்கள். பெருவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் பூட்டும் ஹூக் கிரிப்தான் கை கொடுக்கும். ஆகவே போட்டிக்கு முந்திய மாதங்களில் சிவாவுக்குப் பிடிக்கென்று தனிப் பயிற்சி வைத்தேன்: இரண்டு பிளேட்டைச் சேர்த்து விரல்களால் கிள்ளிப் பிடிப்பது, கனத்த டம்பெல்லோடு நடப்பது, பாரில் டவலைப் போட்டுத் தொங்குவது.

செவ்வாய்தோறும் என் வலது கையை அவரிடம் நீட்டி, "இறுக்குங்க" என்பேன். பத்து வினாடி. முதல் வாரம் என் விரல்கள் நொறுங்கப் பார்த்தன. பிறகு வாரத்துக்கு வாரம் பிடி தளர்ந்தது. நான் பயிற்சி செட்டைக் கூட்டினேன். இன்னும் தளர்ந்தது. இன்னும் கூட்டினேன்.

3. வேனில்

போட்டி முடிந்து வேனில் திரும்பும்போது அவருடைய முன்கை வீங்கியிருந்ததைப் பார்த்தேன்.

"கை நோகுதுன்டு ஏன் எனக்கிட்ட செல்லல்ல, சிவா?"

"நீங்க செய்யச் சொன்னா அதுல காரணம் இருக்கும்னு செஞ்சேங்க, மாஸ்டர்."

"உங்கட பிடி கொறஞ்சிட்டே வந்திச்சே. என்ட கையாலதானே பாத்தேன்."



"அது கொறையலீங்க மாஸ்டர். மொத நாளு நான் இறுக்குனப்ப ஒங்க மூஞ்சி சுருங்கிச்சு. வாத்தியார் கைய எப்படிங்க நசுக்குறது? அதுக்கப்புறம் மெதுவாத்தான் புடிச்சேன்."

மரியாதைக்கு மெதுவாகப் பிடித்த கையை நான் பலவீனமான கை என்று எழுதி வைத்திருக்கிறேன். நன்றாக இருந்த முன்கையை வேலை வாங்கி வாங்கிக் கெடுத்தது நான்தான்.

ஜிம் அலுமாரியில் பிடியை அளக்கும் மீட்டர் ஒன்று இருந்தது. அதை எடுக்காததற்குக் காரணம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மனைவி மவுத்தாகி, அடக்கம் செய்து ஆறு வருடம். மகன்மார் இருவரும் கட்டாரில் வேலை. அலவத்துகொட வீட்டில் நானும் ரேடியோவும்தான். பள்ளிவாசலில் ஸலாம் சொல்லிக் கை கொடுப்பவர்கள் தொட்டதும் விட்டுவிடுவார்கள். பத்து வினாடி என் கையை ஒரு மனிதர் பிடித்திருந்தது அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும்தான். பிடி தளரத் தளர எனக்கு அது இன்னும் பிடித்திருந்தது. அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

அடுத்த மாதம் சிவா பேராதனையில் வேறொரு ஜிம்முக்குப் போய்விட்டார். கோபமில்லை என்று போன் எடுத்துச் சொன்னார்.

புதிதாகக் கோச் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உங்கள் கையை நம்பாதீர்கள், அதற்கும் ஆசைகள் இருக்கும். நான் இப்போது எல்லோரிடமும் மீட்டரைத்தான் நீட்டுகிறேன். கணக்குப் பிசகுவதில்லை. என் கையை யாரும் பிடிப்பதுமில்லை.