ரைஃபிளுக்கு இதெல்லாம் வேணுமா, மோளே?

ஏர் ரைஃபிள் கடையில், ரைஃபிள் வாங்குகிறவர் ஒரே ஒரு தடவைதான் வருவார். அதில் மாட்டச் சாமான் வாங்குகிறவர் வாராவாரம் வருவார். எங்கள் கடை ஓடுவதே டெலஸ்கோப், லேசர், டார்ச், தோள்வார் என்று கண்ணாடி அலமாரியில் தொங்கும் உபரிச் சாமான்களால்தான். செருப்புக்கடையோ மொபைல் கடையோ, கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்ற எல்லோருக்கும் இது புரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் ப்ளஸ் டூவில் ரெண்டு பாடம் போய், திரும்ப எழுதப் பிடிக்காமல் நின்றவள். கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் கடை வைத்திருக்கும் நாசர் இக்கா, "மூணு மாசம் பாக்கறேன், சரியா வந்தா வெச்சுக்கறேன்" என்று சொல்லித்தான் எடுத்தார். சரியாக வராவிட்டால் தோப்பும்படியில் இறால் உரிக்கிற ஷெட். அம்மா அங்கே பேசியே வைத்துவிட்டாள். என் அக்கா அங்கேதான் போகிறாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் ஊறிய அவள் விரல்களைப் பார்த்தாலே எனக்கு இந்த வேலை மேல் பக்தி வந்துவிடும். ஆனால் வாய் அடங்கவில்லை. "இது வேணுமா மோளே?" என்று யாராவது கேட்டால், வேண்டாததை வேண்டாம் என்றே சொல்லிவிடுகிறேன். கடைக்கு வருகிறவர்கள் பேசுவதில் முக்கால்வாசி மலையாளம்; மோளே என்றால் மகளே. தமிழாக்கியது நான், மரியாதைக் குறைவு இருந்தால் அது அவர்களுடையது.

ஏலூர்க்காரரின் டெலஸ்கோப்

ஏலூரில் ஏதோ கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் வந்தார். மொட்டைமாடியில் காலி டின்களை வரிசையாக வைத்துச் சுடுவாராம். தூரம் பத்து மீட்டர். அதற்கு அலமாரியிலேயே பெரிய டெலஸ்கோப்பைக் கேட்டார். ரைஃபிளில் பாதி நீளம் இருக்கும். "சேட்டா, இதுல பத்து மீட்டர்ல இருக்கறது மங்கலாத்தான் தெரியும். ஸ்பிரிங் ரைஃபிள் வேற, சுடறப்ப முன்னுக்கும் பின்னுக்கும் உதறும், உள்ள கண்ணாடி ஆடிப்போகும். ரைஃபிள்ல வர்ற குறியே போதும்" என்றேன். நாசர் இக்கா சாயா கிளாஸைக் கொஞ்சம் சத்தமாகவே கீழே வைத்தார். வந்தவர், காது கேட்காத ஆளைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்து, அதையே வாங்கிக்கொண்டு போனார்.

ரெண்டு வாரம் கழித்து மறுபடி வந்தார். திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று நான் பில் புத்தகத்தைத் தேடினேன். அவர் கேட்டதோ டெலஸ்கோப்பை நிறுத்தி வைக்க ஒரு முக்காலி. ரைஃபிள் எங்கே என்றேன். அவர் சொன்னது: "அதைக் கழட்டிப் பரண்ல போட்டாச்சு. டெலஸ்கோப் இப்ப பொண்டாட்டி கையில. ஆத்துக்கு அக்கரையில எந்த வீட்டுல என்ன மீன் வாங்கறாங்கன்னு அவளுக்கு எல்லாம் தெரியும்."

வீடியோவுக்கு நாலு சாமான்

சுள்ளிக்கல்லில் இருந்து ஒரு பையன், என் வயசுதான். மொபைலில் வீடியோ போடுகிறவன். ரைஃபிளில் டார்ச், லேசர், தோள்வார், முன்பக்கம் ரெண்டு கால் மடங்கும் பைபாட் எல்லாம் மாட்டிக்கொண்டான். அப்புறம் அதைத் தூக்க முடியாமல் மேஜை மேல் வைத்தே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். கடைக்குப் பின்னால் பழைய மிளகுக் கிடங்கில் பத்து மீட்டர் இடமும் கடைசியில் மரத்தூள் அடைத்த பெட்டியும் இருக்கிறது. அங்கே அஞ்சு தடவை சுட்டான். ஒன்றுகூடப் பெட்டியில் ஒட்டிய குறி அட்டையில் படவில்லை.

பைபாடைக் கழற்றச் சொன்னேன். ஸ்பிரிங் ரைஃபிள் சுடும்போது துள்ளும். துள்ள விட்டால்தான் ஒரே இடத்தில் அடிக்கும். இரும்புக் கால் அதை அமுக்கி வேறு பக்கம் தள்ளிவிடும். ஒரு காலி அரிசிச் சாக்கை மடித்து வைத்து, அதன் மேல் ரைஃபிளை லேசாகச் சாய்த்து, மூன்று ஈயப் பெல்லட் சுட்டேன். மூன்றும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. அவன் அட்டையைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான். "அடிச்சா மட்டும் போதுமா? சாக்கு வெச்சு வீடியோ போட்டா என்னை அரிசி விக்கறவன்னு நினைப்பாங்க."

தேங்காயெண்ணெய் சர்வீஸ்

அரிசிக் கிடங்கு மேஸ்திரி வர்கீஸ் சேட்டன் கடையில் எதுவும் வாங்க மாட்டார்; எல்லா வேலையும் வீட்டிலேயே செய்துகொள்வார். கிடங்கில் எலித்தொல்லைக்கு ஒரு ரைஃபிள் வைத்திருந்தார். அது கிரீச்சிடுகிறது என்று, காற்று அமுங்கும் துவாரத்தில் ரெண்டு மூடி தேங்காயெண்ணெய் ஊற்றிவிட்டார். உள்ளே காற்று அமுங்கிச் சூடாகும்போது அந்த எண்ணெய் தீப்பிடித்து, டப்பென்று பெரிய சத்தத்தோடு புகை வந்திருக்கிறது. அவருக்கோ பரம சந்தோஷம். எங்களிடம் கொண்டுவந்து சுட்டுக் காட்டினார். எங்கள் மிளகுக் கிடங்கு முழுக்கப் பப்படம் பொரிக்கிற மணம். "பவர் கூடிடுச்சு பாத்தியா" என்றார். பவர் கூடவில்லை சேட்டா, உள்ளே இருக்கிற வாஷர் வேகுது என்றேன். நம்பவில்லை.

மறுவாரம் ரைஃபிளைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, என் முகத்தைப் பார்க்காமல் கவுண்டரில் வைத்தார். வாஷர் கருகி, பெல்லட் குழாயை விட்டு வெளியே வரவே இல்லை. எலி என்ன ஆச்சு என்று கேட்டேன். "முன்னாடி சத்தம் கேட்டா ஓடும். இப்ப மணம் பிடிச்சு குடும்பத்தோட வந்து உக்காந்திருக்கு."

குறி தப்ப வேண்டிய துப்பாக்கி

ஃபோர்ட் கொச்சி கடற்கரையில் பலூன் சுடுகிற தட்டி வைத்திருப்பவர் முருகேசன் அண்ணன். திண்டுக்கல் பக்கம். என்னோடு தமிழில் பேசலாம் என்பதற்காகவே வருவார். வந்த எல்லோரும் குறி நேராக வேண்டும் என்றுதான் கேட்டார்கள். அவர் ஒருத்தர்தான் குறியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வைத்துத் தரச் சொன்னார். சுடுகிறவன் நடுவில் பார்த்துச் சுட்டால் ரெண்டு பலூனுக்கு நடுவே போகவேண்டும். குறி எவ்வளவு நகர்ந்தால் பெல்லட் எவ்வளவு விலகும் என்று விரலால் அளந்தே காட்டினார். மூன்று மாதத்தில் நான் பார்த்தவர்களில் ரைஃபிள் தெரிந்த ஒரே ஆள். "அண்ணே, இது ஏமாத்து வேலை, செஞ்சு தர மாட்டேன்" என்றேன். அவர் கோபப்படவே இல்லை. "ஏமாத்தல்லாம் இல்ல பாப்பா. எல்லாரும் அடிச்சுட்டா அத்தனை பலூனையும் ஊத நான் உசிரோட இருக்கணும்ல."

சேவியர் சேட்டன் யோசனை

அவரையும் திருப்பி அனுப்பியதும் இக்கா என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அலமாரியைக் காட்டி, "இதெல்லாம் தூசி பிடிக்கறதுக்கு வெச்சிருக்கேனா?" என்று மட்டும் கேட்டார். மூன்று மாதம் முடிய ரெண்டே வாரம் இருந்தது. பின்பக்கம் ரிப்பேர் பார்க்கும் சேவியர் சேட்டன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் என் டிபன் பாக்ஸுக்குள் ஒரு வறுத்த மத்தி மீனை வைத்துவிட்டுச் சொன்னார்: "உன் வாய்க்கு ஒரு சேஃப்டி பூட்டு மாட்டித் தர்றேன். இந்தக் கடையில உருப்படியா தேவைப்படற மாடிஃபிகேஷன் அது ஒண்ணுதான்."

ரெண்டு விரல்கடை

அதற்கு மறுநாளே ஒரு அப்பாவும் மகளும் புது ரைஃபிள் வாங்க வந்தார்கள். மகள் அனகா, ஒன்பதாம் வகுப்பு, என் தோளுக்குக்கூட வரமாட்டாள். பத்து நாளில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். அப்பா மொபைலில் ஒரு பட்டியலே வைத்திருந்தார்: குழாய்க்கு எடை, ட்ரிக்கருக்கு வேறு ஸ்பிரிங், விலைகூடின குறி, இன்னும் என்னென்னவோ. இக்கா முகம் பெருநாள் மாதிரி ஆகிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு அனகாவை ரைஃபிளைப் பிடிக்கச் சொன்னேன். தோளில் வைக்கிற மரக்கட்டை பெரியவர்கள் அளவு. அவள் கழுத்தை நீட்டி, இடுப்பை வளைத்து, தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கிறவள் மாதிரி நின்றாள். என்னால் முடியவில்லை. "சேட்டா, இதுல எதுவும் வேண்டாம். கட்டையை ரெண்டு விரல்கடை வெட்டினாப் போதும்."

"புது ரைஃபிளை வெட்டறதா?" என்றார் அப்பா. சேவியர் சேட்டன் அவளுடைய கோச்சுக்கு ஃபோன் போட்டார். வெட்டலாம், விதியில் தடையில்லை என்றார் கோச். அப்பா ஒரு நிபந்தனை போட்டார்: பெண் அணியில் வரவில்லை என்றால் ரைஃபிளைக் கடையே திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். இக்கா சரி என்றார். சேவியர் சேட்டன் கட்டையை வெட்டிக் கொடுத்தார். அவர்கள் போனதும் என்னிடம், "வெட்டின ரைஃபிளை வேற யாரும் வாங்க மாட்டான். அது திரும்பி வர்ற அன்னிக்கு நீயும் வீட்டுக்குப் போகலாம்" என்றார். அன்று வீட்டில் அக்காவிடம், ஷெட்டில் கையுறை தருவார்களா என்று கேட்டேன். கிழிந்தது தருவார்கள் என்றாள்.

பத்தாம் நாள் தாண்டி ஒரு சனிக்கிழமை, அந்த அப்பா ரைஃபிள் பையோடு வந்தார். எட்டுப் பேரை எடுத்தார்கள், அனகா பத்தாவது. நான் கவுண்டருக்கு அடியில் இருந்து என் டிபன் பாக்ஸை எடுத்துவிட்டேன். அவர் பையைத் திறந்தபடியே, "போன வருஷம் கடைசியில இருந்து ரெண்டாவது. இதைத் திருப்பிக் குடுக்கலாம்னு சொன்னேன், ரெண்டு நாளா என்கூடப் பேசல. வெட்டின இடம் மட்டும் தோள்ல வழுக்குதாம்" என்றார். பின்னாலேயே இன்னும் ரெண்டு அப்பாக்கள், தங்கள் பிள்ளைகளின் கட்டையையும் வெட்டிக்கொள்ள, ஆளுக்கொரு நீளமான பையோடு. நான் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. "இதுக்கு ரப்பர் பட்டை வேணும்" என்றேன். மூன்று பேரும் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஆளுக்கொன்று வாங்கினார்கள். நாசர் இக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர்கள் படி இறங்கியதும் சொன்னார்: "மூணு மாசமா நீ வேண்டாம் வேண்டாம்னு சொன்னது வீண் போகல மோளே. இனி நீ வேணும்னு சொன்னா ஒருத்தனும் திருப்பிக் கேக்க மாட்டான். திங்கக்கிழமை சீக்கிரம் வா."

ரைஃபிளுக்குக் கூடுதல் சாமான் தேவையா என்று என்னைக் கேட்டால், பத்துப் பேரில் ஒருவருக்குத் தேவை, மற்ற ஒன்பது பேருக்கு ரைஃபிளே தேவையில்லை. ஆனால் இதை நான் இன்னும் இக்காவிடம் சொல்லவில்லை.