ஏழாவது சிவப்புத் துணி

அழகுமுத்து அண்ணன் என் கராஜுக்கு வேனைக் கொண்டுவந்த அன்று, கூடவே ஒரு கத்தரிக்கோலும் பழைய சிவப்புச் சேலைத் துண்டும் கொண்டுவந்தார். எதற்கு என்று கேட்டேன்.

"கழட்டுற சாமானுக்கெல்லாம் அடையாளம் கட்டத்தான் தம்பி. மாறிப் போயிடக் கூடாதுல்ல?"

முகத்துக்கு நேராகவே சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐம்பத்தாறு வயது. நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். கொழும்பில் இருபது வருஷம் லொறி ஓட்டிவிட்டு வந்து, ஒரு பழைய டீசல் வேன் வாங்கி, காலையில் டீச்சர்மாரைக் கொட்டகலைப் பள்ளிக்கூடங்களுக்கு ஏற்றி இறக்குகிறார். மனிதர் ஒருவரையும் நம்பமாட்டார். மீன் வாங்கினால், கடைக்காரர் வெட்டி முடிக்கும்வரை வாலைப் பிடித்துக்கொண்டே நிற்பார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொரு பார்மசியில் காட்டிக் கேட்ட பிறகுதான் விழுங்குவார்.

வேன் மேடு ஏறாமல் திணறியது, பின்னால் கரும்புகை. காற்று போகிற வழி அடைத்திருக்கிறது என்று சத்தத்திலேயே தெரிந்தது. எயார் பில்டரைப் பெட்டியோடு கழற்றினேன். பெட்டியிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸையும் மற்றச் சில்லறைச் சாமான்களையும் கழற்றினேன். உள்ளே தூசியும் எண்ணெயும் களியாகக் கிடந்தன. மண்ணெண்ணெயில் கழுவிச் சாக்கின் மேல் காயவைத்தேன். மதியம் அவர் சாப்பிடப் போக வேண்டும். போவதற்கு முன்னால் கீழே குந்தி, ஒவ்வொரு சாமானிலும் ஒரு துணியைக் கட்டினார். மொத்தம் ஏழு. மடிப்பு மடிப்பாக இருந்த ஹோஸில் மட்டும் முடிச்சு நிற்கவில்லை. துணியை அதன் வாய்க்குள் செருகி, நுனியை வெளியே தொங்கவிட்டார்.

கட்டிக்கொண்டே தன் அம்மா பேச்சியம்மாவின் கதையைச் சொன்னார். கொழுந்துச் சாக்கு தன்னுடையது என்று தெரிய, அந்த அம்மாவும் இதே மாதிரி சிவப்புத் துணிதான் கட்டுவாராம். ஒருநாள் துணி எங்கோ அவிழ்ந்து விழுந்துவிட்டது. தராசடியில் கணக்கப்பிள்ளை, அடையாளம் இல்லாத சாக்கு உன்னுடையது இல்லை என்று வேறொருத்தி பெயரில் நிறுத்துவிட்டார். கொழுந்து குறைவென்று அன்றைக்கு அம்மாவுக்கு அரைப் பேர்தான் போட்டார்கள். முழுநாளும் மழையில் நின்றவளுக்குப் பாதிச் சம்பளம்.

"அன்னைக்கிருந்து எங்க வீட்டுல யாரும் யாரையும் நம்புறதில்ல தம்பி."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கணக்கப்பிள்ளைக்குப் பதிலாக என்னை நிறுத்தி வைத்திருக்கிறாரே என்று கோபமும் வந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து துணிகளை எண்ணினார். சரியாக இருந்தன. அவிழ்க்காமலே பூட்டச் சொன்னார், வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை பார்ப்பாராம். நான் பூட்டி முடிக்கும்வரை அவர் மூச்சு என் பிடரியில் பட்டுக்கொண்டே இருந்தது. ஆள் போய்த் தொலைந்தால் போதுமென்று மளமளவென்று முடித்து அனுப்பினேன்.

மறுநாள் காலை, எதிரே செல்லசாமி அண்ணனின் தேத்தண்ணிக் கடையில் அவர் குரல் கேட்டது. வேனை முதலாம் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"தோட்டத்து மேட்டுல நின்னு போச்சு. பானட்டைத் தொறந்து பாத்தா ஆறு துணிதான் இருக்கு! ஹோஸை மாத்திட்டான் ஜெரோமி. அடையாளம் இல்லாத சாமான் என்னோடது இல்ல."

கடையில் இருந்தவர்களில் பாதிப்பேர் வேன், ஓட்டோ ஓட்டுகிறவர்கள். ஜெரோமி கராஜ் என்று என் பெயரில் பலகை மாட்டி எட்டு மாதம்தான் ஆகிறது. சாமான் மாற்றுகிறவன் என்ற பெயர் ஒட்டிவிட்டால், கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் கொழும்பில் யாரிடமாவது கையாளாகப் போக வேண்டியதுதான்.

துணி எங்கே இருக்கும் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடியவன், பாதி வழியில் நின்றேன். நான் கையை விட்டு எடுத்தால், நானே வைத்து எடுத்ததாகச் சொல்வார். ஸ்பேனரை அவரிடம் நீட்டினேன்.

"அண்ணே, நான் தொடமாட்டேன். நீங்களே கழட்டுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கடை முழுக்க வேனைச் சுற்றி நின்றது. அவர் கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை உருவி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"பாத்தீங்களா?" என்றார் எல்லோரையும் பார்த்து.

எஞ்சின் பக்கத்துக் குழாயைத் தாடையால் காட்டினேன். "இன்னும் உள்ள, எஞ்சின் பக்கம். டார்ச் அடிச்சுப் பாருங்கண்ணே."

செல்லசாமி அண்ணன் டார்ச் பிடிக்க, அவர் குழாய்க்குள் விரலை விட்டார். காற்றை அளந்து விடும் தட்டில் சுருண்டு சிக்கிக் கிடந்தது துணி. எண்ணெயில் ஊறிக் கறுத்து, ஓரத்தில் மட்டும் சிவப்பு மிச்சமிருந்தது. பூட்டும்போது நுனியும் ஹோஸுக்குள் போயிருக்க வேண்டும்; எஞ்சின் அதை இழுத்துத் தன் தொண்டையிலேயே அடைத்துக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்து உள்ளங்கையில் விரித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பூட்டுறதுக்கு முன்னால ஹோஸுக்குள்ள பாத்தியா தம்பி?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். எந்த ஹோஸையும் டார்ச் அடித்துப் பார்க்காமல் நான் பூட்டுவதே இல்லை. அன்றைக்கு மட்டும், இந்த மனிதர் மேலிருந்த எரிச்சலில், பார்க்கவில்லை.

"இல்லண்ணே."

அவர் தலையாட்டினார். உருவி வைத்திருந்த ஹோஸைத் தானே துடைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, தானே பூட்டினார். வேனை ஸ்டார்ட் செய்து மிதித்தார். புகை இல்லை. இறங்கி, கடை வாசலுக்குப் போய், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஜெரோமி சாமான் மாத்தல. நான் சொன்னது தப்பு. ஆனா வேலை செய்றப்போ பக்கத்துல நின்னு பாத்துக்கங்க."

இப்போது கராஜுக்கு வேலை நிறையவே வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் என் பிடரியில் மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அழகுமுத்து அண்ணன் மட்டும்தான் சாவியைத் தந்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிறார். கடையில், என் கை தெரிகிற வாங்குப் பலகையில்தான் உட்காருகிறார்.